92 காட்டும்போது எதற்கு வென்டிலேட்டர்?

கேள்வி:

எங்கள் வீடு ஏற்காட்டை அடுத்த நாகலூர் பக்கம். அப்பாவுக்கு 63 வயது, காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. போன டிசம்பரில் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது காய்ச்சலும் இருமலும் வந்தது. ஆக்சிமீட்டரில் 91 காட்டியது. "மலையில, குளிர்ல அப்படித்தான் காட்டும்" என்று பக்கத்தில் சொன்னார்கள், இரண்டு நாள் விட்டுவிட்டோம். 85-க்கு இறங்கியதும் ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து 108-ல் சேலத்துக்கு அனுப்பினார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். இன்ஃப்ளூயன்சா வைரஸ், இரண்டு பக்கமும் நிமோனியா என்றார்கள். மூக்கில் ஹை ஃப்ளோ கருவி வைத்தார்கள். முதல் நாள் 93 இருந்தது, மறுநாள் இரவு 92. அப்படியிருக்க, அன்று இரவு 9 மணிக்கு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, வென்டிலேட்டர் போட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். அண்ணன் முடியாது என்றுவிட்டான். 2021-ல் எங்கள் சித்தப்பா கொரோனாவில் வென்டிலேட்டருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. விடியற்காலை 5 மணிக்கு அப்பா கூப்பிட்டாலும் கண் திறக்காத நிலைக்குப் போனதும் நான் கையெழுத்துப் போட்டேன். 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது குரல் கரகரவென்று இருக்கிறது, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார், "என் கையைக் கட்டிப்போட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். "92 இருந்த மனுஷனுக்கு டியூப் போட்டுச் சித்திரவதை பண்ணினது உன் கையெழுத்துதான்" என்கிறான் அண்ணன். அவன் வீணாக்கிய அந்த எட்டு மணி நேரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை. யார் சரி? இன்னொன்று: விறகடுப்புப் புகையில் வாழ்ந்த அம்மாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய், இன்ஹேலர் எடுக்கிறார். "எனக்கு ஏதாவதுன்னா அந்த மிஷின் மட்டும் வேண்டாம்" என்கிறார். நாங்கள் என்ன செய்வது? டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஐசியு சார்ட் நகலையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சார்ட் நகலை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அது இல்லாவிட்டால் இந்தக் கேள்விக்குப் பொதுவாக ஏதாவது சொல்லித்தான் தப்பித்திருக்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்று இரவு 9 மணிக்கு டாக்டர் கேட்டது சரியான நேரத்தில் கேட்டது. அதற்காக உங்கள் அண்ணன் கேட்ட கேள்வி முட்டாள்தனமானது என்று நான் சொல்ல மாட்டேன். "நேற்று 93, இன்று 92, என்ன மாறிவிட்டது?" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது ஐசியு வாசலில் என்னிடம் வருகிறார்கள். அதற்கான பதில் ஆக்சிமீட்டருக்கு வெளியே இருக்கிறது.

முதல் நாள் மதியம் அந்த 93 எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். ஹை ஃப்ளோ கருவி நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது, அதில் ஆக்சிஜன் 60 சதவீதம். அப்பா நிமிடத்துக்கு 28 தடவை மூச்சு விட்டார். மறுநாள் இரவு 92 வந்தபோது கருவி 60 லிட்டரில் இருக்கிறது, அதற்கு மேல் அதில் ஏற்ற முடியாது. ஆக்சிஜன் 90 சதவீதம். மூச்சு நிமிடத்துக்கு 38. அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் லோடு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வளைவிலும் பதினைந்தாவது வளைவிலும் ஸ்பீடோமீட்டர் ஒரே வேகம்தான் காட்டும். ஆனால் இரண்டாவது இடத்தில் டிரைவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துவிட்டார், இன்ஜின் கொதிக்கிறது. ஸ்பீடோமீட்டரை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஹை ஃப்ளோவில் இருக்கும் நிமோனியா நோயாளிக்கு ராக்ஸ் என்று ஓர் எண் போடுவோம். ஆக்சிமீட்டர் எண்ணை, கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்து, வருவதை மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள்: 93-ஐ 0.6-ஆல் வகுத்தால் 155, அதை 28-ஆல் வகுத்தால் 5.5. மறுநாள் இரவு: 92-ஐ 0.9-ஆல் வகுத்தால் 102, அதை 38-ஆல் வகுத்தால் 2.7. 2019-ல் வெளியான ஆய்வின்படி, இந்த எண் 4.88-க்கு மேல் இருந்தால் ஹை ஃப்ளோவிலேயே சமாளிக்க வாய்ப்பு அதிகம். 12 மணி நேரம் கழித்தும் 3.85-க்குக் கீழே இருந்தால் தோற்க வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பாவுக்கு 2.7. இந்த ஒரு கணக்கை வைத்து மட்டும் யாரும் தொண்டையில் டியூப் போடுவதில்லை, போடவும் கூடாது. ஆனால் 93-க்கும் 92-க்கும் நடுவில் அப்பாவின் இருப்பு, அதாவது மிச்சமிருந்த தாங்கும் சக்தி, பாதியாகிவிட்டது என்பது இதில் தெரிகிறது.

சார்ட்டில் என்னை இன்னும் அதிகமாகக் கவனிக்க வைத்தது வேறொரு எண். ரத்த நாளத்தில் ஊசி குத்தி எடுக்கும் பிளட் கேஸ் பரிசோதனையில் கார்பன் டை ஆக்சைடு அளவும் வரும். ஆரோக்கியமான ஆளுக்கு அது 35-லிருந்து 45 வரை. முதல் நாள் அப்பாவுக்கு 31. வேகமாக மூச்சு விடுகிறவர் கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளுவதால் குறைவாக இருந்தது, எதிர்பார்த்ததுதான். மறுநாள் இரவு 9 மணிக்கு 40. ரிப்போர்ட்டில் அதற்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கிறது. உங்கள் அண்ணனும் அதைப் பார்த்திருப்பார். நிமிடத்துக்கு 38 தடவை மூச்சு இழுக்கிற மனிதருக்கு 40 என்பது நார்மல் இல்லை. மூச்சு மேலோட்டமாகிவிட்டது, உதரவிதானமும் விலாத் தசைகளும் களைத்துவிட்டன என்று அர்த்தம். அடுத்து அது 50, 60 என்று ஏறும், நோயாளிக்கு மயக்கம் வரும். விடியற்காலை 5 மணிக்கு எடுத்ததில் 62. கூப்பிட்டால் அவர் கண் திறக்காததற்கு அதுதான் காரணம்.

அப்புறம், நர்ஸ் கையால் எழுதிய குறிப்பு ஒன்று: "கழுத்துத் தசைகள் இழுக்கின்றன, இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை, கவிழ்ந்து படுக்க மறுக்கிறார்." எந்த எண்ணையும்விட நான் இதை நம்புவேன்.

நாங்கள் முடிவெடுக்கும் விதமே இதுதான். நின்றுபோன மூச்சு, விழுந்த ரத்த அழுத்தம், நினைவு தப்பியவர், வாந்தியும் சளியும் உள்ளே போகாமல் காத்துக்கொள்ள முடியாதவர் என்றால் யோசிக்க எதுவுமில்லை, உடனே டியூப். கஷ்டமெல்லாம் உங்கள் அப்பா மாதிரி நடுவில் இருப்பவர்களிடம்தான். அவர்களுக்கு ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போய் நிற்க வேண்டும். ஆக்சிஜன் தேவை ஏறுகிறதா இறங்குகிறதா, மூச்சின் வேகம் என்ன, கழுத்தும் வயிறும் எப்படி வேலை செய்கின்றன, ஆள் தெளிவாக இருக்கிறாரா, வியர்க்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 88 காட்டிக்கொண்டு நிம்மதியாகப் பேப்பர் படிக்கிற நோயாளியைக் கூடுதல் கவனத்தோடு ஹை ஃப்ளோவிலேயே விட்டிருக்கிறேன். 94 காட்டிக்கொண்டு கட்டிலின் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தவருக்கு டியூப் போட்டிருக்கிறேன்.

"அப்படியானால் முதல் நாளே போட்டிருக்கலாமே" என்று இப்போது நீங்கள் கேட்கலாம். போட்டிருக்கக் கூடாது. வென்டிலேட்டர் வைரஸை ஒன்றும் செய்யாது, நுரையீரலைக் குணமாக்கவும் செய்யாது. நுரையீரல் தானாகத் தேறும்வரை மூச்சு வேலையை ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டுக் கையால் பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். இன்றைய ஐசியு அங்கேதான் தொடங்கியது. இறப்பு பாதிக்கும் கீழே வந்தது. ஆனால் அந்த நோயாளிகளுக்கு நுரையீரல் நன்றாக இருந்தது, தசைதான் செயலிழந்திருந்தது. வைரஸ் நிமோனியாவில் நுரையீரலே புண்ணாகிக் காற்றறைகளில் நீர் கோத்திருக்கிறது. நல்ல நிலையில் மிஞ்சிய கொஞ்ச இடத்துக்குள் மிஷின் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளினால் அந்த இடமும் கெடும். மயக்க மருந்து, படுத்தே கிடப்பதால் தசை கரைவது, டியூப் வழியாக வரும் புதுக் கிருமி எல்லாம் கூடவே வரும். 2020-ன் முதல் சில மாதங்களில் உலகம் முழுக்கவே பல இடங்களில் அவசரப்பட்டுச் சீக்கிரமாக டியூப் போட்டார்கள், பிறகு அந்தப் பழக்கம் மாறியது. சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்கோடு ஒப்பிட்டால் ஹை ஃப்ளோ வைத்தவர்களில் இறப்பு குறைவு என்று 2015-லேயே பிரான்ஸில் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. ஆகவே முதலில் ஹை ஃப்ளோ வைத்துப் பார்த்தது சரியான வைத்தியம்.

தாமதித்தால் மட்டும் என்ன என்றால், அதற்கும் விலை இருக்கிறது. மூச்சுக்குத் தவிக்கிறவர் நெஞ்சுக்கூட்டை முழு பலத்தோடு விரித்து இழுக்கும்போது, அந்த இழுப்பே புண்ணான நுரையீரலை இன்னும் கிழிக்கும். இன்னொரு ஆபத்து டியூப் போடுகிற அந்த சில நிமிடங்கள். மயக்க மருந்து கொடுத்ததும் நோயாளி தானாக மூச்சு விடுவது நிற்கும். இருப்பு கொஞ்சமாவது உள்ளவர் அதைத் தாங்குவார். முழுக்கக் களைத்த பிறகு போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுபோகலாம். தென் கொரியாவிலிருந்து 2015-ல் வந்த ஓர் ஆய்வில், ஹை ஃப்ளோ வைத்து 48 மணி நேரத்துக்குப் பிறகு டியூப் போடப்பட்டவர்களில் இறப்பு, அதற்கு முன்பே போடப்பட்டவர்களைவிடத் தெளிவாக அதிகம். இது பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு, தாமதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஐசியு மருத்துவர்கள் யாரும் அதை மறப்பதில்லை.

இப்போது உங்கள் எட்டு மணி நேரத்துக்கு வருகிறேன். ஹை ஃப்ளோ ஆரம்பித்ததிலிருந்து கணக்கிட்டால் டியூப் போட்டது 41-வது மணி நேரத்தில். 9 மணிக்கே போட்டிருந்தால் நிதானமாக, அப்பாவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போட்டிருப்பார்கள். 5 மணிக்கு அவசரமாகப் போட வேண்டியதாயிற்று, போடும்போது ரத்த அழுத்தம் இறங்கியதும் சார்ட்டில் இருக்கிறது. அரை மணி நேரத்தில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். அந்த எட்டு மணி நேரத்தால் வென்டிலேட்டர் நாட்கள் கூடினவா என்று ஒரு தனி மனிதரைப் பார்த்து எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அண்ணன் அப்பாவை ஆபத்தான இடத்தில் நிறுத்தினார் என்பது உண்மை. அவருக்கு ஏதோ நிரந்தரக் கெடுதல் செய்துவிட்டார் என்பதற்கு இந்தக் காகிதங்களில் ஆதாரம் இல்லை. அதேபோல, டியூப் இல்லாமலே தேறியிருப்பார் என்று அண்ணன் சொல்வதற்கும் இதில் இடமே இல்லை. 62 கார்பன் டை ஆக்சைடோடு நினைவு தப்பியவரை எந்த மாஸ்க்கும் காப்பாற்றியிருக்காது.

அண்ணனின் பயத்துக்கு வேர் 2021-ல் இருக்கிறது. அந்த மே மாதம் சேலத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அப்போது வென்டிலேட்டருக்குப் போனவர்கள் பெரும்பாலும் நுரையீரல் மொத்தமும் போன பிறகு போனவர்கள். "மிஷின்ல போட்டா முடிஞ்சுது" என்ற முடிவுக்கு ஜனங்கள் வந்ததில் வியப்பில்லை. கொரோனாவுக்கு முன்பே, 50 நாடுகளில் எடுத்து 2016-ல் வெளியான கணக்கின்படி, இவ்வகை நுரையீரல் செயலிழப்பு வந்தவர்களில் 100-க்கு 40 பேர் வரை மருத்துவமனையில் இறந்தார்கள். சின்ன எண் இல்லைதான். ஆனால் மீதிப் பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள், உங்கள் அப்பாவைப் போல.

"செத்தவரை மிஷினில் வைத்து பில் ஏற்றுவார்கள்" என்ற பேச்சும் உண்டு. உங்கள் கடிதத்தில் இல்லை, இதைப் படிக்கிற பத்துப் பேரில் ஐந்து பேர் மனதில் இருக்கும் என்பதால் சொல்கிறேன். இதயம் நின்ற உடலில் வென்டிலேட்டர் காற்றைத்தான் தள்ளும், ரத்தத்தை ஓட்டாது. சில மணி நேரத்தில் உடல் விறைத்து நிறம் மாறிவிடும், மறைக்க முடியாது. மூளைச்சாவு வேறு விஷயம், அதற்கு உறுதிசெய்யும் சட்ட முறை தனியாக இருக்கிறது. பில்லைப் பற்றிய சந்தேகத்துக்கு வேறு வழி இருக்கிறது: தினமும் கணக்குக் கேளுங்கள். பணம் தாங்காது என்று தெரிந்தால் டியூப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவதோ, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போவதோ நோயாளி மாஸ்க்கில் இருக்கும்போது சுலபம். டியூபோடு, அதுவும் மோசமான நுரையீரலோடு மாற்றுவது சின்ன வேலை இல்லை.

"சித்திரவதை" என்ற சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். அப்பா பொய் சொல்லவில்லை. மயக்கம் தெளியத் தெளிய நோயாளி முதலில் கை வைப்பது டியூபில்தான். பிடுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் பஞ்சு வைத்த பட்டையால் மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டுவதுண்டு. தூக்கமில்லாமல், மருந்து மயக்கத்தில், இரவு பகல் தெரியாத அறையில் இருப்பவருக்கு அது யாரோ தன்னைக் கடத்திக் கட்டிப்போட்டது போலவே பதிந்துவிடும். ஐசியுவில் இந்தப் பிதற்றல் நிலை மிகச் சாதாரணமாக வருவது. "அப்படியெல்லாம் யாரும் கட்டலப்பா" என்று மறுக்காதீர்கள். ஆமாம், கட்டினார்கள், இன்ன காரணத்துக்காக என்று சொல்லுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து சொன்னால் பலருக்குக் கெட்ட கனவுகள் குறைகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்தும் தூக்கமில்லாமல் அழுதால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மிஷினில் போட்ட பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம் ஒழுங்காக இருக்கிறது என்பதையும் அண்ணனிடம் சொல்லலாம். அப்பாவின் உயரம் 165 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கான எடையைக் கணக்கிட்டு, கிலோவுக்கு 6 மில்லி வீதம், ஒரு மூச்சுக்கு 370 மில்லிதான் கொடுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் இதைப் போல இரண்டு மடங்கு கொடுப்பார்கள். 2000-ல் அமெரிக்காவில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், சின்ன மூச்சுக் கொடுத்தவர்களில் இறந்தவர்கள் 31 சதவீதம், பெரிய மூச்சுக் கொடுத்தவர்களில் கிட்டத்தட்ட 40. தினமும் 16 மணி நேரம் கவிழ்த்துப் படுக்க வைத்ததைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பீர்கள். முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடந்த நுரையீரல் பகுதி அதனால் விரிகிறது. 2013-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், இப்படிக் கவிழ்த்துப் படுக்க வைத்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்தே கிடந்தவர்களில் 33. ஐசியுவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டிய மருந்து எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. செலவு, நாலைந்து பேருடைய கை பலம் மட்டும்தான்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் உண்மையாகவே தவறவிட்ட நேரம் அந்த எட்டு மணி இல்லை. மலையில் போன இரண்டு நாள்தான். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலத்தைவிடக் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் நல்ல ஆரோக்கியமானவருக்கும் ஆக்சிமீட்டர் ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டலாம், 95 என்றால் கவலை வேண்டாம். காய்ச்சலோடு 91 காட்டினால் அதை மலைக் கணக்கில் எழுதக் கூடாது. டிசம்பர் குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலும், நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருந்தாலும் எண் தப்பாக வரும் என்பது உண்மை. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலிலும் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் 93-ஐத் தாண்டவில்லை என்றால், அல்லது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐ நெருங்கினால், அல்லது ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடியவில்லை என்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டும். இன்ஃப்ளூயன்சாவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால்தான் முழுப் பலன். தாமதமாக வந்தவர்களுக்கும் கொடுக்கிறோம், ஆனால் பலன் குறைவு.

இன்னொன்றும் மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே இறங்க இறங்கக் காற்றில் அழுத்தம் கூடுவதால், மேலே 88 காட்டியவருக்கு அடிவாரத்தில் 90, 91 காட்டலாம். "சேலம் வந்ததுமே சரியாயிடுச்சு" என்று அஸ்தம்பட்டியில் ஒரு காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நுரையீரல் அப்படியேதான் இருக்கும்.

சிலிண்டர் கணக்கும் ஒன்று உண்டு. ஆம்புலன்ஸில் வைக்கும் பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் தேவைப்படுகிற நோயாளிக்கு அது 100 நிமிடம். 20 கொண்டை ஊசி வளைவுகளோடு முப்பது சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், அதற்குள் போதும். ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் வண்டிகள் மறித்தாலோ மழையில் மரம் விழுந்தாலோ போதாது. ஹை ஃப்ளோவுக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தேவை, அதைச் சாதாரண ஆம்புலன்ஸில் ஓட்டவே முடியாது. ஆக நாகலூரில் இருப்பவருக்கு வென்டிலேட்டர் பற்றிய முடிவு, எப்போது மலை இறங்குவது என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

அம்மா விஷயம். அவருடைய நோய் அப்பாவுக்கு வந்ததிலிருந்து வேறு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுத்திணறல் முற்றி கார்பன் டை ஆக்சைடு ஏறினால், முதலில் பயன்படுத்துவது முகத்தில் இறுக்கமாக மாட்டி அழுத்தத்தோடு காற்றைக் கொடுக்கும் பைப்பாப் மாஸ்க். இந்த நோய்க்கு அது மிக நன்றாக வேலை செய்கிறது, பலரை டியூபிலிருந்து காப்பாற்றுகிறது. அப்பாவுக்கு வந்தது போன்ற வைரஸ் நிமோனியாவில் அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஏனென்றால் மாஸ்க்குக்குள் பெரிய பெரிய மூச்சாக இழுத்து நுரையீரலைக் கெடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு ஆக்சிஜன் கொடுப்பதிலும் கணக்கு வேறு: 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும். வீட்டில் பயந்துபோய்ச் சிலிண்டரை முழுக்கத் திறந்து 99-க்குக் கொண்டுபோனால், கார்பன் டை ஆக்சைடு ஏறி அவரே மயங்கிவிடலாம். ஆம்புலன்ஸில் ஏறும்போதே "இவங்களுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

"மிஷின் வேண்டாம்" என்கிறார் அல்லவா, என்ன வேண்டாம் என்று உட்கார்ந்து கேளுங்கள். டியூபின் வலியா, பிள்ளைகளைக் கடனில் விடுவதா, அப்பாவைப் போல வாரக்கணக்கில் கிடப்பதா, தேற வழியே இல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பதா? என்னிடம் அப்படிச் சொன்ன பெரியவர்களில் பலர் கடைசியைத்தான் நினைத்திருக்கிறார்கள். "மூணு நாலு நாள்ல சரியாகும்னா போடுங்க, இல்லைன்னா வேண்டாம்" என்று அவர்களே சொல்வார்கள். அப்படியும் செய்யலாம். ஐந்தாறு நாள் வைத்துப் பார்ப்பது, முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று டாக்டரோடு முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். எந்த நிலையிலும் வேண்டவே வேண்டாம் என்பதுதான் அவர் முடிவென்றால், அதையும் எழுதி வைக்க இந்தியாவில் சட்டம் இடம் தருகிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை அங்கீகரித்தது, 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். ஒரு நகலை அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொடுங்கள். அந்தப் பேச்சில் அண்ணனும் உட்கார வேண்டும். எழுதியது ஒருவர், இரவு 9 மணிக்கு ஐசியு வாசலில் நிற்பது இன்னொருவர் என்று ஆகிவிடக் கூடாது.

அப்படி மறுபடி ஒரு வாசலில் நிற்க நேர்ந்தால், ஆக்சிமீட்டர் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எவ்வளவு ஆக்சிஜனில் இந்த எண், நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று கேளுங்கள். "இன்னும் நாலு மணி நேரம் பொறுத்தால் என்ன பார்த்து முடிவு செய்வீர்கள்?" என்றும் கேட்கலாம், நேர்மையான டாக்டர் அதற்குப் பதில் சொல்வார். பகலிலேயே கேளுங்கள். நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். இத்தனை சண்டையில், அந்த இரண்டாம் நாள் மாலை வரை பேசிக்கொண்டிருந்த உங்கள் அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்டதாகச் சார்ட்டில் இல்லை.

கடைசியாக, அவசரமான ஒன்று. படி ஏறினால் களைப்பது தசை கரைந்ததால், மெதுவாகத் திரும்பி வரும். முட்டையோ பருப்போ கூடுதலாகச் சாப்பிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டட்டும், எஸ்டேட் வேலைக்கு இப்போது வேண்டாம். குரல் கரகரப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. டியூப் எடுத்த சில வாரங்களில் அது போயிருக்க வேண்டும். 11 நாள் டியூப் இருந்த சிலருக்குக் குரல்வளையிலோ மூச்சுக்குழாயிலோ தழும்பு விழுந்து மெல்ல மெல்லச் சுருங்கும். மூச்சு உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும், அதை ஆஸ்துமா என்று நினைத்து மாதக்கணக்கில் இன்ஹேலர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த வாரமே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் கொண்டுபோங்கள். அந்தச் சத்தம் இப்போதே கேட்கிறதென்றால் வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே இறங்கிவிடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டில் எல்லோரும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவும் அப்பாவும் நிமோகாக்கல் ஊசியும் சேர்த்து.